காப்பு கட்டின கை

ஆடி 2, வெள்ளி

பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாளாம். நான் என்ன கூமுட்டையா? பாத்ரூம்ல விழுந்தவளுக்கு கை ஒடியும் சரி, தோள்லயும் முட்டியிலயும் ரோட்டுல இழுத்துட்டுப் போன மாதிரி தோல் உரிஞ்சிருக்குமா? கேட்டா, "டைல்ஸ் சொரசொரப்பு அத்த"ங்கிறா. வந்த அன்னைக்கே அந்த பாத்ரூமைக் கழுவினவ நான். ஈ உக்காந்தா வழுக்கிரும்.

பேரை எழுதித்தான் டைரிய ஆரம்பிக்கணும். நான் பஞ்சவர்ணம். காளையார்கோவில் பக்கம். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், அதுக்கு மேல எங்கய்யா விடல. மலேசியாவுல கிள்ளான்ங்கிற ஊர்ல, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கிற கட்டடத்துல, எங்க தம்பி மக, அந்தக் கை ஒடிஞ்ச செண்பகத்துக்கு சோறாக்கிப் போட வந்திருக்கேன். அவ அம்மா போனதுல இருந்து அவளுக்கு நான்தான் எல்லாம். இந்த டைரி அவ ஆபீஸ்ல குடுத்தது, மேல புலி படம் போட்டிருக்கு. காலைல அவ போனா பொழுதடைஞ்சுதான் வாரா. எதுத்த வீட்டு சீனக் கிழவி சிரிப்பா, நானும் சிரிப்பேன், அதுக்கு மேல பேச்சில்ல. பேசாம எனக்கு சோறு எறங்காது. அதான் எழுதுறேன்.

அவ வேலை என்னன்னா, காட்டு ஜீவனைப் பிடிச்சு நாடு விட்டு நாடு கடத்துறானுங்கள்ல, அவனுங்க யாரு, எங்க வைக்கிறான், யாருக்கு விக்கிறான்னு பின்னாலயே போயி கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிச்சு சர்க்கார் ஆளுகளுக்குச் சொன்னா அவங்க வந்து பிடிப்பாங்க. இப்ப ரெண்டு வருசமா ஆமை. நம்ம முள்ளுக்காட்டுல திரியுமே, முதுகுல நட்சத்திரம் நட்சத்திரமா இருக்குமே, அதேதான். நம்ம ஊர்ப் பக்கமிருந்து பெட்டியில வச்சு இங்க வருதாம். இங்கருந்து இன்னும் எங்கெங்கயோ போகுதாம். வீட்டுல வச்சா ராசியாம். பெருமாள் எடுத்த அவதாரத்த பெட்டியில அடைச்சு வச்சா என்ன ராசி வரும்? கரி ராசிதான் வரும்.

இன்னைக்கு இங்க மாரியம்மன் கோயில்ல காப்பு கட்டிக்கிட்டேன். இடது கையில மஞ்சத்துணில மஞ்சக்கிழங்கு வச்சு பூசாரி கட்டிவிட்டாரு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு பால்குடம். அதுவரைக்கும் கவுச்சி ஆகாது, பொய் ஆகாது, ஊரைத் தாண்டி வேற ஊர்ல ராத்தங்கக் கூடாது. ஆத்தா, எம்பிள்ளைக்கு கை பழையபடி ஆகணும். இன்னொரு தடவ ஒடியக் கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

ஆடி 3, சனி

கோயில்ல ஒரு நல்ல மனுசி கெடச்சா. கமலேஸ்வரி. கோயில் தலைவர் குணாளனோட சம்சாரம். என்னையப் பாத்ததும், "பசியாறிட்டிங்களா அக்கா?"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. காலைல சாப்டாச்சான்னு அர்த்தமாம் இந்த ஊர்ல. எவ்வளவு அழகா கேக்குறாங்க. நம்ம ஊர்ல 'தின்னுட்டியா'ன்னுல்ல கேப்பாளுக.

ஆடி 5, திங்கள்

அன்னதான வேலைக்கு கோயில் மடப்பள்ளிக்குப் போனேன். கத்திரிக்கா அரிஞ்சு முடிச்சதும் கமலேசு ஒரு பெரிய பை நெறைய சின்னப் பிள்ளைக சாக்ஸ் கொண்டு வந்தா. அனாதை ஆசிரமத்துக்கு தர்மமாம், விலை அட்டையெல்லாம் வெட்டி எடுக்கணுமாம். நானும் கத்திரிக்கோலோட உக்காந்துட்டேன். எல்லாத்துலயும் மஞ்ச வாத்து போட்டிருக்கு. எல்லாம் ஒரே அளவு, கைப்பிள்ளை காலு அளவு.

"ஏம்மா, ஆசிரமத்துல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வயசா?"ன்னேன்.

"அவருதான் மொத்தமா வாங்கியாரச் சொன்னாரு லா. நான் எங்க போயி அளவு பாக்குறது?"ன்னு சிரிச்சா. பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுறது இந்த ஊர்ப் பழக்கம்.

பேச்சுவாக்குல செண்பகத்தைப் பத்தி சொன்னேன். எம்பிள்ளை பெருமைய நான் சொல்லாம யாரு சொல்றது? போலீசு மாதிரி வேலை, உசுரைப் பணயம் வச்சு வாயில்லா ஜீவனைக் காப்பாத்துறா, நாளைக்கு விடியல்லயே காப்பார் ரோட்டுல என்னமோ கிடங்குக்குப் போகணுமாம், காலைல சோறு வேண்டாம்னுட்டா, அதனால நான் வெள்ளனவே கோயிலுக்கு வந்துருவேன்னு சொன்னேன். கமலேசு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "குடுத்து வச்சவங்க அக்கா நீங்க"ன்னா. அவளுக்கும் ஒரு மக, ஆஸ்திரேலியாவுல. வருசத்துக்கு ஒருதடவ வருமாம். கண்ணு கலங்கிட்டா.

தலைவரும் வந்தாரு. வெள்ளை வேட்டி, நெத்தி நெறைய திருநீறு, வலது கையில காப்பு. அழகு மீன் கடை வச்சிருக்காராம். "ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு இங்க தண்ணி சேருதா?"ன்னு கேட்டாரு. காப்பு கட்டினா மனுசன் கிள்ளானைத் தாண்டமாட்டாராம், எந்த யாவாரமா இருந்தாலும் கடைக்கே வரவச்சிருவாராம். கமலேசு சொன்னா. பக்தின்னா அது.

போகும்போது ஒரு சில்வர் தூக்குல பாயாசம் குடுத்துவிட்டா. செண்பகம் வழிச்சு நக்குனா.

ஆடி 6, செவ்வாய்

வெறும் வயித்தோட போயிட்டா. கோழி கூப்பிடுற நேரம். இந்த ஊர்ல கோழிகூட கூப்பிடல.

ஆடி 7, புதன்

கிடங்குல ஒண்ணுமே இல்லயாம். இன்னைக்குத்தான் சொன்னா. கதவை ஒடைச்சு உள்ள போனா கூட்டித் தள்ளுன தரை. ஓரத்துல மட்டும் வாடாத கீரைத்தண்டும் ஆமைச் சாணியும். முதநாள் சாயங்காலம்தான் தூக்கியிருக்கான். எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்.

எனக்கு வயிறு எரியுது. ரெண்டு வருசமா இந்தப் பிள்ளை மழையிலயும் வெயில்லயும் அலைஞ்சிருக்கு. கூடவே உக்காந்து டீ குடிச்சுட்டு அங்கிட்டுப் போயி காட்டிக்குடுக்கிற நாயி எவன்? கையி காலு வெளங்குமா அவனுக்கு? அவன் வாயில புழு வைக்க. ஆத்தா, நீ பாத்துக்க. நாக்கு அழுகணும் அவனுக்கு.

பொழுதடைய ஃபாரிட் வந்தான். செண்பகத்துக்கு மேலாளு. மலாய்க்காரப் பையன், பையன்னா நாப்பது வயசிருக்கும். என்னைய 'மக்சிக்'னு கூப்பிடுறான், அத்தைன்னு அர்த்தமாம். இட்லிய சாம்பார்ல முக்கி முக்கித் தின்னான். தின்னு முடிச்சு செண்பகத்துக்கிட்ட என்னமோ கேட்டான். அவ என்னையப் பாக்கவே இல்ல.

"அத்த, நாங்க போறது வீட்டுல வேற யாருக்காச்சும் தெரியுமான்னு கேக்குறாரு."

எனக்கு வந்துச்சே கோவம். "இட்லியத் தின்னுப்புட்டு என்னையவே கேக்குறானா? எனக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்? எதுத்த வீட்டுக் கிழவிக்கு தமிழ் தெரியுமான்னு கேளு அவன்கிட்ட. ஒங்க ஆபீஸ்ல களவாணிய வச்சுக்கிட்டு ஊருல உள்ள பொம்பளையக் கேக்க வந்துட்டான்."

செண்பகம் அதை எப்பிடி மாத்திச் சொன்னாளோ, அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ரோசம் கெட்ட பய. இட்லி நல்லா இருக்குன்னுட்டுப் போயிட்டான்.

ஆடி 9, வெள்ளி

இன்னைக்கு எல்லாம் வெளிய வந்துருச்சு. பாத்ரூமும் இல்ல டைல்சும் இல்ல.

ஃபாரிட் போன்ல பேசும்போது 'மோட்டார்'னு ரெண்டு மூணு தடவ சொன்னான். மோட்டார்னா எந்தப் பாஷையிலயும் மோட்டார்தான். போனை வச்சதும் செண்பகம் முன்னால போயி நின்னேன். "காப்பு கட்டின கையி. இதைத் தொட்டுச் சொல்லு."

தொட்டா. சொன்னா.

ஒரு வேனுக்குப் பின்னாலயே ஸ்கூட்டர்ல போயிருக்கா. பின்னாடியே எவனோ ஒருத்தன் பைக்குல வந்து வேணும்னே தள்ளி விட்டிருக்கான். விழுந்து கெடந்தவகிட்ட ஹெல்மெட்டைக் கழட்டாமலே குனிஞ்சு, தமிழ்ல, "வீட்டுக்குப் போம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். தமிழ்ல. நம்ம ஆளு. நம்ம ஊரு ஜீவனைத் திருடி நம்ம ஊரு பிள்ளைய ரோட்டுல தள்ளி, அதுக்கு 'அம்மா'ங்கிற மரியாதை வேற.

நான் கத்துன கத்துல சீனக் கிழவி கதவைத் தொறந்து பாத்தா. "எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லுவ அத்த. அப்பாவுக்குத் தெரிஞ்சிரும், வேலைய விடச் சொல்லுவாரு."

நான் ஊரெல்லாம் சொல்லுவேனாம். என் வாயைப் பத்தி இவளுக்கு அவ்வளவுதான் மதிப்பு. சோத்தை எடுத்து வச்சுட்டு நான் திங்காம படுத்துட்டேன்.

இன்னொண்ணும் சொன்னா. கிடங்கு விசயம் இவ பக்கத்துல இருந்துதான் வெளிய போச்சுன்னு மேலிடத்துல நெனைக்கிறாங்களாம். இந்த மாசத்துக்குள்ள எதுவும் தேறலன்னா ஆமை கேஸை வேற ஆளுக்குக் குடுத்துட்டு இவளை ஊருக்கு அனுப்பிருவாங்களாம். ரெண்டு வருசம், ஒரு கை, அம்புட்டும் எவனோ ஒருத்தன் நாக்கு நீளத்துக்குப் பலி.

ஆடி 11, ஞாயிறு

அன்னதானம். எண்ணெக் கத்திரிக்கா ஊரே கேட்டு வாங்கித் தின்னுச்சு. ஆனா எனக்கு ருசிக்கல. கமலேசு, "ஏன் அக்கா மூஞ்சி வாடியிருக்கு?"ன்னா. பிள்ளைக்கு ஆபீஸ்ல கஷ்டம்னேன். ஆத்தாக்கிட்ட விளக்குப் போடச் சொன்னா. போட்டேன்.

ஆடி 12, திங்கள்

மோர் குடுக்கப் போனேன். செண்பகம் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு இருந்தா. எப்பவும் நான் போனா மூடிருவா, இன்னைக்கு அசந்துட்டா போல. வேற ஏதோ நாட்டு ஏர்போர்ட்டுல நேத்து பிடிச்ச பெட்டியாம். இங்கருந்து போனதாம். பெட்டி தொறந்திருக்கு. உள்ள வரிசை வரிசையா குட்டி ஆமை, காலு வெளிய வராம ஒட்டுற டேப்பைச் சுத்தி, ஒவ்வொண்ணையும் ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு முடிஞ்சு வச்சிருக்கு.

சாக்ஸுல மஞ்ச வாத்து.

மோர் டம்ளர் கீழ விழுந்துருச்சு. "என்னாச்சு அத்த?"ன்னா. கை வழுக்கிருச்சுன்னேன்.

ஆடி 13, செவ்வாய்

கோயிலுக்குப் போகல. தலைவலி.

ஆடி 14, புதன்

காலைல சொல்லிட்டேன். சாக்ஸைச் சொன்னேன். கத்திரிக்கோல் என் கையில இருந்ததையும் சொன்னேன். அப்புறம் அவ கேக்காததையும் சொன்னேன். அதை இங்க எழுத மாட்டேன். அவளுக்குத் தெரியும், ஆத்தாவுக்குத் தெரியும், போதும்.

திட்டுவான்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.  அவ என் பக்கத்துல வந்து, ஒடிஞ்ச கையை என் மடியில வச்சு, "அந்தக் கமலேஸ்வரி புருசன் பேரு என்னன்னு சொன்ன?"ன்னு கேட்டா. குணாளன்னேன். எந்திரிச்சுப் போயி ஃபாரிட்டுக்குப் போன் போட்டா. ரெண்டு வருசமா பெட்டி தூக்குறவன், வேன் ஓட்டுறவன்னு சுத்திச் சுத்தி வந்திருக்காங்க. தலையத்தான் தெரியல. தலை, கோயில்ல என் கையால கத்திரிக்கா தின்னுட்டு இருந்திருக்கு.

எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. கையில காப்பைக் கட்டிக்கிட்டு, நெத்தியில திருநீறைப் பூசிக்கிட்டு, தர்மம்னு சொல்லி, என்னைய, ஒரு விதவையை, காப்பு கட்டின கையால அந்த வாயில்லா ஜீவனோட சவப்பைக்கு அட்டை வெட்ட வச்சுட்டான். 'தண்ணி சேருதா'ன்னு கேட்டானே. பிள்ளையத் தள்ளி விடச் சொன்னவன் எனக்குத் தண்ணி சேருதான்னு கேட்டான்.

மத்தியானம் ஃபாரிட் வந்தான். கிடங்குல இருந்து தூக்குனது இன்னும் எங்கயோதான் இருக்காம். செண்பகம் மூஞ்சி குணாளனுக்குத் தெரியும், அவ ஊர்ல இருக்கிற வரைக்கும் வெளிய எடுக்க மாட்டான். அவ தூரமா போயிட்டான்னு நம்புனா எடுப்பான். அதை அவன் காதுல போடணும். போட்டா கமலேசு வழியாத்தான் போகும்.

ரெண்டு பேரும் என்னையப் பாத்தாங்க.

"நான் ஈப்போவுக்குப் போறேன்னு சும்மா சொல்லு அத்த, அது தூரத்து ஊரு. நான் இங்கயே ஆபீஸ்ல ஒளிஞ்சுக்கிறேன். ஊரே பால்குடத்துல இருக்கிற ஞாயித்துக்கெழமைதான் வெளிய எடுப்பான், பிடிக்கிறப்ப நான்தான் முன்னால நிக்கணும்."

முடியாதுன்னுட்டேன். "காப்பு கட்டியிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன்."

"அத்த, அவன் சொல்லாத பொய்யா?"

"அவன் கணக்கு அவனுக்கு. நான் ஒன் கைக்காகக் கட்டியிருக்கேன்டி. இதைக் கட்டிக்கிட்டு ஆத்தா கோயிலுக்குள்ளயே நின்னு பொய் சொல்லிட்டு, நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சியோட அவகிட்டப் போயி நிப்பேன்? நாண்டுக்கிட்டுச் சாகலாம்."

ஃபாரிட்டுக்கு விளங்கல. இவ மலாய்ல சொன்னா. அவன் தலையைச் சொறிஞ்சான். நான் அடுப்படிக்குப் போயி பாத்திரத்தைப் போட்டு உருட்டிட்டு இருந்தேன். எனக்கு அவங்க மேல கோவம், என் மேல கோவம், அந்த மஞ்சக்கிழங்கு மேலயும் கோவம்.

பொறவு செண்பகம் வந்து கதவோரமா நின்னா. "சரி. பொய் சொல்ல வேணாம். நான் நெசமாவே ஈப்போ போறேன். ஞாயித்துக்கெழமை விடியக்காலைல பஸ் ஏறுறேன், மறுநாள்தான் வருவேன். இப்ப சொல்லலாம்ல?"

"அப்ப பிடிக்கும்போது நீ இருக்க மாட்டியா?"

"ஃபாரிட் இருக்காரு."

"ரெண்டு வருசம் அலைஞ்சது நீயா ஃபாரிட்டா?"

"நீதான அத்த பொய் சொல்ல மாட்டேங்கிற"ன்னு சொல்லிட்டு, அடுப்புல இருந்த அப்பளத்தை எடுத்துக் கடிச்சுட்டுப் போயிட்டா.

ஆடி 16, வெள்ளி

போனேன். சொன்னேன். எப்பிடிச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

கமலேசு வேப்பிலை கட்டிட்டு இருந்தா. பக்கத்துல உக்காந்து நானும் கட்டுனேன். அவ கழுத்துல அட்டிகை. அது எத்தனை ஆமைன்னு மனசு கேக்குது.

"பால்குடத்துக்கு செண்பகம் வருதா அக்கா? பாக்கணும்னு ஆசை லா."

"எங்க வரப்போறா. ஞாயித்துக்கெழமை விடியல்லயே ஈப்போவுக்குப் பஸ் ஏறுறா. மறுநாள்தான் வாரா."

"அடடா. நல்ல நாளு பெருநாளுல. வேலையா?"

இந்த இடத்துல வேப்பிலையக் கீழ வச்சேன். ஆத்தாவைப் பாத்தேன். "அவ எங்கிட்ட எங்கம்மா எல்லாம் சொல்றா? நான் ஊரெல்லாம் சொல்லிருவேன்னு எம்மேல அவளுக்குப் பயம்"னேன். அம்புட்டும் நெசம்.

அவ சிரிச்சுட்டா. "எங்க வீட்லயும் அப்பிடித்தான். அவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான்தான் எல்லாத்தையும் கொட்டுவேன்"னா. என் நெத்தியில குங்குமம் தீத்த கையைக் கொண்டு வந்து, நான் விதவைன்னு ஞாபகம் வந்து, திருநீறா மாத்தி வச்சா. கை மெத்துன்னு இருந்துச்சு. அந்தக் கையை ஒடிச்சுப் போடணும்போல இருந்துச்சு எனக்கு.

ஆடி 18, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

செண்பகம் போயிட்டா. பஸ்ஸுல ஏறி உக்காந்து போட்டோ அனுப்புனா, நான் நம்ப மாட்டேன்னு.

பால்குடம் ஆத்தங்கரைப் பிள்ளையார்ட்ட இருந்து கெளம்புச்சு. மஞ்சச் சேலை, தலையில குடம், முன்னால உருமி. வெயிலு உச்சியப் பொளக்குது. முன்னுக்கு குணாளன் கரகத்துக்குப் பக்கத்துல நடந்து போறான், வேட்டிய மடிச்சுக் கட்டாம, பவ்யமா. எனக்குப் பக்கத்துல கமலேசு. "ஓம் சக்தி"ங்கிறா. நானும் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள வச்சு சொன்னேன்.

கோயில் வாசல் வந்தப்ப ஃபாரிட் நிக்கிறான். கூட சர்க்கார் உடுப்புல ஆளுக. வாசலுக்கு வெளியதான் நின்னாங்க, ஆனா ஃபாரிட் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு வெறுங்காலோட நின்னான். தாரு கொதிக்குது. அவனுக்கு யாரும் கழட்டச் சொல்லல. அன்னைக்கு அவனை ரோசம் கெட்டவன்னு எழுதினேன். அந்த வரியை அடிச்சுரலாம்னு பாத்தேன், பேனாவுல எழுதினது, இருந்துட்டுப் போகட்டும்.

குணாளன் போன் அடிச்சுச்சு. எடுத்தான். கேட்டான். மூஞ்சியில ஒண்ணும் மாறல, கழுத்து மட்டும் வேர்த்துச்சு. காப்பு கட்டினவன் கிள்ளானைத் தாண்ட முடியாதே, அதான் ஊரே கோயில்ல இருக்கிற நேரம் பாத்து சரக்கை மீன் கடைக்கு வரவச்சிருக்கான். பின்வாசல்ல எறக்கும்போதே பிடிச்சுட்டாங்க. உடுப்புக்காரரு கிட்ட வந்து மெதுவா என்னமோ சொன்னாரு. இவன், "பால் ஊத்திட்டு வரேன்"ன்னான். அவங்களும் சரின்னாங்க. ஊத்தினான். கையி நடுங்கவே இல்ல. எனக்கு ஆத்தா மேலயே கோவம் வந்துச்சு. அந்தப் பாலை நீ ஏன் வாங்கின? தட்டி விட்டிருக்கக் கூடாதா?

அவனை வண்டியில ஏத்துனப்ப உருமி நின்னுருச்சு. கமலேசு குடத்தோட அப்பிடியே நிக்கிறா. பாலு வழிஞ்சு தோள்ல ஊத்துது. கூட்டத்தைப் பாக்குறா, வண்டியப் பாக்குறா, கடைசியா என்னையப் பாத்தா.

"அக்கா. செண்பகம் ஈப்போ போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. ஈப்போலதான் இருக்கா"ன்னேன்.

போட்டோவை எடுத்துக் காட்டினேன். அவ பாக்கல. என் தலையில குடம் இன்னும் இருந்துச்சு, நான் உள்ள போயி என் பாலை ஊத்துனேன்.

ஆடி 19, திங்கள்

வந்துட்டா. பஸ்ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து போன்ல பாத்தாளாம். ஃபாரிட் ஒவ்வொரு பெட்டியா தொறந்து காமிச்சானாம்.

"அழுதியா?"

"சிக்னல் சரியில்ல அத்த. பாதி நேரம் ஃபாரிட்டோட காதுதான் தெரிஞ்சுச்சு."

நான் அவளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பேப்பர்ல ஃபாரிட் நிக்கிறான், டிவியில உடுப்புக்காரன் நிக்கிறான், ஒடிஞ்ச கைக்காரி எங்கடி? எல்லாம் என்னாலதானே? கழுதை, ஒரு பொய் சொல்லுன்னு இன்னும் ரெண்டு தடவ கெஞ்சியிருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னமோ.

"சொல்லியிருப்ப. அப்புறம் எனக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட ஒன்னையவே நீ திட்டிக்கிட்டு இருப்ப. அதை ஆயுசு பூரா கேக்க எனக்குக் காது இல்ல அத்த"ன்னா.

சாயங்காலம் பூசாரி காப்பை அவுத்தாரு. கையில தடம் மட்டும் இருக்கு.

ஆடி 21, புதன்

ஆமைகளைப் பாக்க கூட்டிட்டுப் போனா. பச்சைத் தொட்டியில விட்டிருக்காங்க. சிலது டேப்பு சுத்தியே கெடந்து காலு கறுத்துப் போச்சு. கொஞ்சம் செத்தும் போச்சு. ஒரு டாக்டரம்மா சின்ன கத்திரிக்கோலால வாத்து சாக்ஸை வெட்டிட்டு இருந்தா. கிட்டப் போயி அந்த முடிச்சைப் பாத்தேன். அட்டை வெட்டின எடம் தெரியுது. நான் நேரா வெட்டுவேன், அது நான் வெட்டினதுதான்.

"குடுங்கம்மா, நான் பிரிக்கிறேன்"னேன். ஒருநாள் பூரா பிரிச்சேன். ஒண்ணு என் விரலை வாயால கவ்விப் பாத்துச்சு. பல்லு இல்ல, வலிக்கல. வலிச்சிருந்தா தேவலை.

ஊருக்குத் திருப்பி அனுப்புவீங்களான்னு கேட்டேன். காயிதம் எழுதிப் போகணுமாம், நாளாகுமாம். பெட்டியில அடைச்சுக் கொண்டு வாறதுக்கு ஒரு பயலும் காயிதம் கேக்கல.

ஆடி 24, சனி

நாளன்னைக்கு மறுநாள் ஊருக்குக் கெளம்பணும். ஃபாரிட் வந்து மேலிடத்துக் காயிதத்தைக் காமிச்சான், செண்பகம் இங்கயேதான் இருப்பாளாம், அடுத்த கேஸும் அவளுக்குத்தானாம். அதைக் கேட்டு எனக்கு சந்தோசமா வயித்தெரிச்சலான்னு தெரியல.

பெட்டி கட்டும்போது அந்தத் தூக்கு கண்ணுல பட்டுச்சு. பாயாசத் தூக்கு. எடுத்து ஜன்னல் வழியா வீசிரலாமான்னு வந்துச்சு. அந்த நேரத்துலதான் காவக்காரன் கீழ இருந்து போன் பண்ணுனான், யாரோ பொம்பளை வந்திருக்காங்கன்னு.

தூக்கைக் கையில பிடிச்சபடியே எறங்கிப் போனேன். கமலேசு. அட்டிகை இல்ல. தலை சீவல.

"எனக்குத் தெரியாது அக்கா"ன்னா. வேற எதுவும் சொல்றதுக்கு முன்னால அதைத்தான் சொன்னா. "சாக்ஸ் வாங்கச் சொன்னாரு, வாங்கினேன். நீங்க சொன்னதை சாப்பாட்டு நேரத்துல அவருகிட்ட சொன்னேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம யாருகிட்ட அக்கா சொல்லுவேன்? எனக்கு வேற யாரு இருக்கா பேச?"

"தெரியாதா? ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கிறவளுக்கு? அந்த நகை எங்கருந்து வந்துச்சுன்னு ஒருநாளாச்சும் கேட்டியா? எம்பிள்ளையை ரோட்டுல தள்ளி விட்டிருக்கான் ஒம்புருசன். கை ஒடிஞ்சு கெடந்திருக்கா."

அவளுக்கு அது தெரியல. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. அது எனக்கு இன்னும் கோவம். தெரிஞ்சிருந்தா என்ன, கேட்டிருந்தா என்ன? வாத்து சாக்ஸை நூத்துக்கணக்குல வாங்குறவளுக்கு, எந்த ஆசிரமம்னு கேக்கத் தோணாதா?

எனக்கும்தான் தோணல. அதை அவ சொல்லல. சொல்லுவான்னு பாத்துட்டே நின்னேன், சொல்லவே இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "தூக்கை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். அம்மா குடுத்தது"ன்னா.

நீட்டினேன். அவ கையி வர்றதுக்குள்ள திரும்ப இழுத்துக்கிட்டேன். "இரு"ன்னேன்.

மேல வந்தேன். செண்பகம், "யாரு அத்த?"ன்னு கேட்டா. தூக்கை இன்னொருவாட்டி வெளக்குனேன். தேச்ச தேப்புல கைப்பிடி ஆடிப்போச்சு. சீனி டப்பாவைத் தொறந்து ஒரு கை அள்ளிப் போட்டு மூடினேன். கீழ போயி அவ கையில திணிச்சேன், மூஞ்சியப் பாக்காம வந்துட்டேன்.

கோவம் போகல. போகவும் போகாது. அடுத்தவ ஏனத்தை வெறுமனே திருப்பிக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான்.